பிணை நின்ற பெருந்தகை

வாளேந்தி நாட்டைக் காத்தோர் பலர். நூலியற்றி அறிவை வளர்த்தோர் பலர். பொருளை வாரி வழங்கிப் புகழ் பெற்றோரும் பலர். உயர் பதவியோ, படை வலியோ, சட்டக் கல்வியோ இல்லாத ஒருவர், தம் நெஞ்சில் ஊறிய இரக்கம் ஒன்றனையே துணையாகக் கொண்டு, ஒரு நாட்டின் நீதிமுறையையே புதுவழியில் திருப்பினார் என்றால் அது வியப்பன்றோ? அவ்வியத்தகு செயலைச் செய்தவர், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் காலணி செய்து வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்பவர் ஆவார். குடியால் சீரழிந்தோரை மீட்டு, வழிதவறிய சிறுவர்க்கும் வழிகாட்டிய முன்னோடி அவர். இன்று பல நாடுகளில் நன்னடத்தை முறை என்று வழங்கும் சட்டமுறைக்கு அவரையே தந்தை என அறிஞர் போற்றுவர்.

பிறப்பும் தொழிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில், அட்லாண்டிக் பெருங்கடலை அடுத்து, மாசசூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்து வோபர்ன் என்னும் ஊரில் 1785 ஆம் ஆண்டில் ஜான் அகஸ்டஸ் பிறந்தார். அந்நாடு ஆங்கிலேயர் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. வளர்ந்தபின் அவர் காலணி செய்யும் தொழிலை மேற்கொண்டார். விடுதலைப் போரின் முதற்பூசல் நிகழ்ந்த லெக்சிங்டன் என்னும் ஊரில் சில காலம் அத்தொழிலை நடத்தினார். பின்னர் மாநிலத்தின் தலைநகராகிய பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே கடை வைத்தார். அக்கடை நகரத்துக் காவல் நீதிமன்றத்துக்கு அண்மையில் அமைந்திருந்தது.

நல்ல தொழிலாளி அடி தேய்ந்த செருப்பைக் கண்டவுடன் குப்பையில் எறிந்துவிட மாட்டான். எங்கே கிழிந்தது, எங்கே தேய்ந்தது என்று புரட்டிப் பார்ப்பான். தைக்கத் தகுமாயின் தைப்பான். புதிய அடித்தோல் இட்டு மீண்டும் நடக்கச் செய்வான். ஜான் அகஸ்டஸ் தோலிடத்துக் காட்டிய இப்பொறுமையை மனிதரிடத்தும் காட்டினார். அவர்தம் வாழ்வின் சிறப்பெல்லாம் இந்த ஒன்றிலேயே அடங்கும்.

அக்காலத்து நிலை

அந்நாளில் பாஸ்டன் நகரம் வாணிகத்தாலும் கப்பல் தொழிலாலும் வளர்ந்து கொண்டிருந்தது. செல்வம் வளர்ந்ததுபோலவே வறுமையும் வளர்ந்தது. வறுமையோடு கைகோத்துக் குடிப்பழக்கமும் வளர்ந்தது. அடிக்கடி குடித்துத் திரிவோரைச் சட்டம் குற்றவாளி எனக் கருதியது. காவலர் அத்தகையோரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவர். குற்றம் மெய்ப்படின் திருத்தச்சாலை என்னும் பெயருடைய சிறைக்கு அனுப்புவர். பெயரளவில் அது திருத்தச்சாலை. ஆயினும் அங்குச் சென்றவருள் திருந்தி வந்தோர் அரியர். சிறையினின்றும் வெளிவந்தவன் வேலையற்றவனாய், நாணம் அற்றவனாய், மீண்டும் மதுக்கடையையே நாடுவான். காவலரும் மீண்டும் அவனைப் பிடிப்பர். ஏற்றமரத்தில் ஏறியவன் முன்னும் பின்னுமாக நடப்பது போல, நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் இடையே அவனது வாழ்நாள் கழியும்.

இதனால் துன்புற்றவன் அவன் ஒருவன் மட்டும் அல்லன். தந்தை சிறை சென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. வாடகை கொடுக்க வழியின்றித் தாய் தவிப்பாள். கூலிவேலை கிடைத்த நாளில் பிள்ளைகள் அரைவயிறு உண்பர். கிடையாத நாளில் தெருவில் திரிவர். பசி மிகுந்த சிறுவன் ஒரு ரொட்டித் துண்டையோ ஒரு கரித்துண்டையோ திருடுவான். அவனும் தந்தை நின்ற அதே கூண்டில் வந்து நிற்பான். குடித்தவன் தந்தை; தண்டம் இறுப்பவர் பிள்ளைகள். இக்கொடுமையை அக்காலத்துச் சட்டம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

இவ்விருளிடையே ஒரு சிறு விளக்கு ஏற்றப்பட்டது. 1840 ஆம் ஆண்டில் பால்டிமோர் என்னும் நகரில், மதுவுக்கு அடிமைப்பட்டிருந்த அறுவர் ஒன்றுகூடி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். தம்மைப் போன்ற பிறரையும் மீட்பதற்கு ஒரு சங்கம் கண்டு, தம் நாட்டின் முதற்குடியரசுத் தலைவராகிய வாஷிங்டன் பெயரை அதற்கு இட்டனர். குடிகாரனை இகழாமல், அவனைத் தோழனாகக் கருதிக் கைதூக்கி விடுவதே அச்சங்கத்தின் நெறி. அச்சங்கம் விரைவில் பாஸ்டனிலும் பரவியது. அதன் கொள்கையில் ஈடுபட்டவருள் ஜான் அகஸ்டஸும் ஒருவர்.

முதற்பிணை

1841 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாட்காலை, ஜான் அகஸ்டஸ் காவல் நீதிமன்றத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 56. காவற்கூடத்தின் கதவு திறந்தது. ஒரு காவலரும், அவர் பின்னே கந்தல் உடுத்த ஒரு மனிதனும் வந்தனர். அம்மனிதன் கைதிகளுக்குரிய இருக்கையில் அமர்ந்தான். ஓயாது குடிப்பவன் என்பது அவன்மேல் சாட்டப்பட்ட குற்றம். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பட்டது. இனி எஞ்சியது தண்டனை ஒன்றே.

தீர்ப்புக் கூறப்படும் முன் ஜான் அகஸ்டஸ் அவனருகே சென்று சிறிது நேரம் பேசினார். சிறைக்குச் செல்லாமல் தான் காப்பாற்றப்பட்டால் இனி மதுவைத் தீண்டுவதில்லை என அவன் கூறினான். அவன் சொல்லில் உறுதி இருப்பதை அவர் உணர்ந்தார். உடனே நீதிபதியின் இசைவைப் பெற்று அவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்து நிற்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவன் மதுவிலக்கு உறுதிமொழியில் கையொப்பமிட்டான்.

மூன்று வாரமும் கழிந்தன. குறித்த நாளில் இருவரும் நீதிமன்றம் புகுந்தனர். முன்னர் நடுங்கிக் கொண்டிருந்த அந்தக் கந்தல் மனிதனா இவன் என்று காவலரும் ஐயுறும்படி அவன் தோற்றம் மாறியிருந்தது. நீதிபதி பெரிதும் மகிழ்ந்தார். வழக்கமாக விதிக்கும் சிறைத் தண்டனையை விடுத்து, ஒரே ஒரு சென்ட் தண்டம் விதித்தார். நூறு சென்ட் சேர்ந்தது ஒரு டாலர். ஆகவே அத்தண்டம் பெயரளவிலானதே. நீதிமன்றச் செலவும் சேர்த்து மொத்தம் 3 டாலர் 76 சென்ட் ஆயிற்று. அத்தொகை அப்பொழுதே செலுத்தப்பட்டது. அம்மனிதன் பின்னரும் உழைப்பாளியாய், குடியை மறந்தவனாய் வாழ்ந்தான்.

இச்சிறு நிகழ்ச்சியே ஒரு பெருந்தொண்டின் வித்தாயிற்று. அன்று தொட்டு ஜான் அகஸ்டஸ் நாள்தோறும் நீதிமன்றம் செல்வாராயினர்.

அவர் கையாண்ட முறை

பிணை நிற்பது என்பது வெறும் பணத்தைக் கட்டி ஒருவனை வெளியே விடுவது அன்று. அவனுக்காகத் தன்னையே ஈடாக வைப்பது. இதனை நன்கு உணர்ந்தவர் ஜான் அகஸ்டஸ். ஆகவே அவர் கண்மூடித்தனமாக எவருக்கும் பிணை நின்றாரல்லர். குற்றவாளியின் முந்திய ஒழுக்கம் எத்தகையது, வயது என்ன, இனி அவன் எத்தகையோர் நடுவில் வாழப்போகிறான் என்பவற்றை முதலில் ஆராய்வார். பெரும்பாலும் முதன்முறை தவறியவரையே ஏற்பார். ஏற்றபின் கைவிட மாட்டார். வேலையில்லார்க்கு வேலை தேடித் தருவார். உறைவிடம் இல்லார்க்கு உறைவிடம் காண்பார். சிறுவராயின் பள்ளியில் சேர்ப்பார். அவர் வீடே பலர்க்குப் புகலிடமாயிற்று. ஒவ்வொருவர் நடத்தையையும் ஏட்டில் குறித்துவைத்து, நீதிமன்றம் கேட்டபோதெல்லாம் ஒளிவு மறைவின்றி எடுத்துரைப்பார்.

இரக்கமும் கண்காணிப்பும் அவரிடத்தே இணைந்திருந்தன. இரக்கம் மட்டும் இருப்பின் தீயவன் அதனைத் தனக்கு வாய்ப்பாக்கிக் கொள்வான்; கண்காணிப்பு மட்டும் இருப்பின் நல்லவனும் மனம் முறிவான். பயிருக்கு நீரும் வேண்டும். வேலியும் வேண்டும் அல்லவா?

சிறுவர்க்குச் செய்த தொண்டு

முதலில் குடிகாரர்க்கு உதவிய அவர், 1843 ஆம் ஆண்டில் சிறுவர் பக்கமும் தம் கருணையைத் திருப்பினார். எட்டும் பத்தும் வயதுடைய சிறுமியர் இருவரும், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனும் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு நின்றனர். விளையாட்டுப் பருவம் கடவாத அக்குழந்தைகளுக்கு அவர் பிணை நின்றார். 1846 ஆம் ஆண்டிற்குள், ஒன்பது முதல் பதினாறு வயது வரையுள்ள ஏறத்தாழ முப்பது சிறுவர் சிறுமியர் அவர் பொறுப்பில் இருந்தனர்.

1847 ஆம் ஆண்டில் ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ள 19 சிறுவர்க்கு அவர் பிணை ஏற்றார். அவர்தம் வழக்குகளை உடனே முடிக்காமல், சில திங்கள் வரை தள்ளி வைப்பதற்கு நீதிமன்றம் இசைந்தது. அக்காலம் அவர்களுக்கு ஒரு சோதனைக் காலமாகும். திங்கள்தோறும் வழக்கு அழைக்கப்படும்போது ஜான் அகஸ்டஸ் நீதிமன்றத்தில் தோன்றி, பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி அறிவிப்பார். இவ்வாறு ஐந்தாறு திங்கள் சென்றன. பின்னர் ஒரு நாள் அவருள் பன்னிருவர் ஒருங்கே நீதிமன்றத்துக்கு வந்தனர். முதன்முதல் குற்றவாளியராய் நின்ற கோலம் எங்கே, அன்று நின்ற கோலம் எங்கே! நீதிபதி வியந்தார், சட்டத்தின் நோக்கம் நிறைவேறியது என மகிழ்ந்தார். ஆளுக்குப் பத்து சென்ட் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சிறு தொகையையும் செலுத்த இயலாத ஏழைச் சிறுவர் எழுவர் அவருள் இருந்தனர். அவர்க்காக ஜான் அகஸ்டஸ் தாமே செலுத்தினார். ஏனையோர் தண்டத்தை அவர்தம் பெற்றோர் செலுத்தினர்.

பத்து சென்ட் கூட இல்லாத வீடுகள் அவை. அத்தகைய வீட்டுப் பிள்ளையைச் சிறையிலிட்டால், அவன் அங்குக் கற்பது முதிர்ந்த கள்வரின் தொழிலையே அன்றோ? ஜான் அகஸ்டஸ் அவனை அவ்வழியினின்றும் திருப்பினார். சட்டத்தின் பயன் பழிவாங்குவது அன்று, குற்றவாளியைத் திருத்துவதும் குற்றம் பெருகாமல் தடுப்பதுமே என்பது அவர்தம் உறுதியான கொள்கை.

எதிர்ப்பும் இழப்பும்

நற்பணி எதுவும் எதிர்ப்பின்றி வளர்ந்ததில்லை. கைதி ஒருவனைச் சிறைக்குக் கொண்டு செல்லும் காவலர்க்கு அந்நாளில் ஒரு கட்டணம் கிடைத்து வந்தது. ஜான் அகஸ்டஸ் பிணை நிற்குந்தோறும் அவ்வருவாய் குறைந்தது. ஆதலால் அலுவலர் சிலர் அவரை வெறுத்தனர். அவர் வழியில் இடையூறு பல செய்தனர். இவர் குற்றவாளிகளுக்கு இடங்கொடுத்துக் குற்றத்தை வளர்க்கிறார் எனப் பழித்தோரும் உண்டு.

நாள் முழுதும் நீதிமன்றத்திலும் ஏழையர் வீடுகளிலும் கழிந்தமையால், அவரது தொழில் நலிந்தது. தொடக்கத்தில் தம் கைப்பொருளையே செலவிட்டார். பின்னர் நகரத்து நல்லோர் சிலர் பொருளுதவி செய்தனர். அவ்வுதவி முழுவதும் ஏழையர்க்கே சென்றது. தம் தொண்டுக்கு அவர் எவரிடமும் ஊதியம் பெற்றாரல்லர். பத்தாண்டுப் பணியின் வரலாற்றை 1852 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். பழித்தோர்க்கு அவர் அளித்த விடை அதுவே.

1842 முதல் 1858 வரை அவர் பிணை நின்று காத்தவர் 1,946 பேர். அவருள் ஆடவரும் பெண்டிரும், முதியோரும் சிறியோரும் இருந்தனர். அவர்களுக்காக அவர் ஈடு ஏற்ற தொகை மொத்தம் 2,43,235 டாலர் ஆகும். அவர்களுள் ஒவ்வொருவரும் ஓடி மறைந்திருப்பின், அத்தொகையை அவர் செலுத்த நேர்ந்திருக்கும். ஒரு செருப்புத் தொழிலாளி இத்துணைப் பெருஞ்சுமையைத் தோளில் தாங்கினார் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது. சொல் தவறியோர் சிலர் இருந்தனர். ஆயினும் அவர் மிகச் சிலரே.

1859 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21 ஆம் நாள், பதினெட்டு ஆண்டு இடையறாது தொண்டாற்றிய அப்பெருந்தகையின் ஆவி பிரிந்தது.

விதைத்தது விளைந்தது

ஜான் அகஸ்டஸ் மறைந்தார்; அவர் காட்டிய நெறி மறையவில்லை. சிறுவர் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும்போது, அவர்தம் நிலையை ஆராய்ந்து நல்ல இல்லங்களில் சேர்ப்பதற்கென 1869 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஓர் அலுவலரை அமைக்கச் சட்டம் செய்தது. 1878 ஆம் ஆண்டில், ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலர் ஒருவரைப் பாஸ்டன் நகரில் அமர்த்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் தம் கைப்பொருளைக் கொண்டு செய்த தொண்டு, இங்ஙனம் அரசாங்கத்தின் கடமையாக மாறியது. 1899 ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியபோது, நன்னடத்தை அலுவலரே அதற்குக் கண்ணும் காதுமாக விளங்கினர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நெறி மற்றொரு கிளை விட்டது. மதுவுக்கோ பிற போதைப் பொருளுக்கோ அடிமைப்பட்ட பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து வளர்ப்பதே அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. குழந்தையின் உயிருக்கும் உடலுக்கும் இடர் நேருமாயின் அவ்வாறு செய்தே தீரவேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் பிரிவும் குழந்தையின் உள்ளத்தில் ஆறாப் புண்ணை உண்டாக்குகின்றது. இதனை உணர்ந்தோர், குடும்பங்களுக்கெனத் தனிச் சிகிச்சை நீதிமன்றங்களை நிறுவினர். நீதிபதி, மருத்துவத் துறையினர், சமூக நலப் பணியாளர் ஆகியோர் அங்கே ஒன்று கூடுவர். தாயோ தந்தையோ சிகிச்சை பெற்றுக்கொண்டு, குறித்த கால இடைவெளிகளில் நீதிமன்றத்தில் தோன்றித் தம் முன்னேற்றத்தைக் காட்டுதல் வேண்டும். அவர் நலம் பெற்று, வீடு பாதுகாப்பானது என்று தெளிந்தால், குழந்தை அவ்வீட்டுக்கே திரும்பும். ஜான் அகஸ்டஸ் திங்கள்தோறும் நீதிமன்றம் சென்று நின்ற அந்தப் பழைய முறையின் சாயலை இதன்கண் காணலாம்.

அவர் காலத்தில் உறுதிமொழியே பெரும்பாலும் மருந்தாக இருந்தது. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்றும், அதற்கு மருத்துவமும் மனநல அறிவுரையும் நீண்டகால ஆதரவும் வேண்டும் என்றும் இன்று மருத்துவ நூலோர் தெளிந்துள்ளனர். உறுதி பூண்டவன் ஒருமுறை வழுக்கி வீழ்ந்தால், அவன் கெட்டே போனான் என்று கைவிடுதல் தகாது என்பதும் அவர்தம் கருத்து. அறிவியல் இவ்வாறு வளர்ந்துள்ளது. ஆயினும் துணை நிற்பார் ஒருவர் இல்லையேல் மருந்தும் முழுப்பயன் தருவதில்லை.

நம் பாரத நாட்டிலும் 1958 ஆம் ஆண்டில் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையதே என்றும், காப்பகத்தில் சேர்த்தல் வேறு வழியில்லாதபோது மேற்கொள்ளும் இறுதி வழியே என்றும் கூறுகின்றது. தொலைவில் ஒரு செருப்புக்கடைக்காரர் இட்ட வித்தின் நிழல் இந்நாட்டுக்கும் எட்டியுள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

ஜான் அகஸ்டஸின் வாழ்க்கை மாணவர்க்கு உணர்த்தும் உண்மைகள் சில உள. பெற்றோர் குடிப்பது பிள்ளையின் குற்றம் அன்று. அத்தகைய வீட்டிற் பிறந்த சிறுவனோ சிறுமியோ அதற்காகத் தலைகுனிய வேண்டுவதில்லை. தம் துன்பத்தை உள்ளத்தில் புதைத்து வையாமல், ஆசிரியரிடமோ நம்பத்தக்க மூத்தோரிடமோ கூறுதல் நன்று. அத்தகைய மாணவனைக் கண்டு ஏளனம் செய்வது ஏனைய மாணவர்க்கு அழகன்று. அவனோடு உணவைப் பகிர்ந்துண்டு, பாடத்தில் உதவி, தோழமை காட்டுதலே அறம்.

பிணை என்னும் சொல்லுக்கு ஈடு என்பது ஒரு பொருள். கட்டு என்பது மற்றொரு பொருள். ஜான் அகஸ்டஸ் இவ்விரு பொருளிலும் பிணையாக நின்றார். நீதிமன்றத்தின்முன் அவர் ஈடாக நின்றார். அறுந்து போகவிருந்த பல குடும்பங்களுக்குக் கட்டாகவும் நின்றார். எல்லாராலும் கைவிடப்பட்ட ஒருவனை நோக்கி, இவனுக்கு யான் பொறுப்பு என்று முன்வருவார் ஒருவர் இருப்பின், அவன் மீள்வதற்கு வழி உண்டு. அவனை நம்பிய குழந்தைகளும் பிழைப்பர். அங்ஙனம் முன்வருவதற்குப் பெரும்பொருளோ உயர்பதவியோ வேண்டுவதில்லை. நெஞ்சில் ஈரமும், ஏற்றதைக் கைவிடாத உறுதியும் இருந்தால் போதும்.